ஆடிக் கிருத்திகைச் சாட்சியம்

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்க செனட்டில் ஒரு குடியேற்ற மசோதா தாக்கலானது. எஸ்.744 என்பது அதன் எண். இரு கட்சிகளையும் சேர்ந்த எட்டு செனட்டர்கள் கூடி எழுதியது. ஜூன் 27ஆம் தேதி 68க்கு 32 என்ற வாக்குக் கணக்கில் செனட்டில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையோ அதை வாக்கெடுப்புக்கே எடுத்துக்கொள்ளவில்லை. 2015 ஜனவரியில் அந்தச் சபைகளின் காலம் முடிந்தபோது மசோதாவும் காலாவதியாகிப் போனது.

சட்டமாகாமலே போன அந்த மசோதா சித்தூரில் ஒரு வீட்டில் நகையை அடகுக்கு அனுப்பியது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் ஒரு பைசா பிசகாமல் எழுதிவந்த ஒரு மனிதரைப் பொய்ச் சான்றிதழ் வாங்கத் துணிய வைத்தது. சித்தூரிலும் திருப்பதியிலும் நான் நடத்திய சிவில் வழக்குகளில் பெரிய தொகைகள் சம்பந்தப்பட்டவை உண்டு. அவை பலவும் மறந்துவிட்டன. கோர்ட் படியே ஏறாத இந்த விவகாரம் மட்டும் மறக்கவில்லை. இன்றைக்கும் வெளிநாட்டுக்கு மனு போடக் காத்திருக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் அதே பயத்தோடு வருகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். கட்சிக்காரரின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் சொல்லப்போவதில்லை.

அவர் ஒரு வெல்ல மண்டியில் கணக்கு எழுதுபவர். தங்கை வேலூரில் நர்சிங் படித்து, அமெரிக்கா போய், நியூஜெர்சியில் வேலை பார்த்து, அந்நாட்டுக் குடியுரிமையும் வாங்கியவர். குடியுரிமை பெற்ற ஒருவர் தன் உடன்பிறந்தவருக்காக மனு போடும் பிரிவு ஒன்று அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் முதலே அந்த வழி திறந்திருக்கிறது. எஃப்4 என்பார்கள். ஆண்டுக்கு 65,000 விசா. அதையும் ஒரே நாட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகாதபடி நாட்டுக்கு இவ்வளவு என்ற வரம்பு. தங்கை பல வருடங்களாகவே, "அண்ணா, பேப்பரை அனுப்பு, நான் போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் அசையவில்லை. எஸ்.744 அந்த எஃப்4 பிரிவையே எடுத்துவிடப் போகிறது என்ற செய்தி வந்ததும் வீடே பதறிவிட்டது.

அந்தப் பதற்றத்துக்குள் ஓர் ஏஜென்ட் நுழைந்தார். "இன்னும் சில வாரம்தான் சார், அப்புறம் கதவை மூடிடுவாங்க" என்று சொல்லி ஒன்றரை லட்சம் பேசினார். அதில் 50,000 முன்பணம். மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. ஏஜென்ட் செய்து தருவதாகச் சொன்ன முக்கியமான வேலை ஒன்று: பிறப்புச் சான்றிதழ். இவருக்கு அது இல்லை. "எங்க பிறந்தா என்ன, சித்தூர்லயே பிறந்த மாதிரி வாங்கிக் கொடுத்துடறேன்" என்றாராம். அந்தச் சான்றிதழுக்கு ஆதரவாக ஒரு அஃபிடவிட் வேண்டும், அதைத் தயார் செய்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும் என்றுதான் இவர் என்னிடம் வந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்த ஒரு குணத்தால்தான் இந்த விவகாரம் பிழைத்தது.

"சார், நான் பிறந்தது நிஜம். என் தங்கை தங்கைங்கிறதும் நிஜம். நடுவுல ஒரு காகிதம்தானே பொய்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். உண்மையான உறவுக்குப் பொய்யான காகிதம் ஒட்டினால் உறவும் சேர்ந்து பொய்யாகிவிடும் என்பதுதான் அதற்குப் பதில். அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி, பொய்யான ஆவணம் காட்டி விசா கேட்டவர் வாழ்நாள் முழுக்கத் தகுதி இழக்கிறார். விலக்கு கேட்க இடமுண்டு. எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. இங்கே, போலி ஆவணத்தை உண்மையானதுபோல் பயன்படுத்துவதை அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 471ஆவது பிரிவு குற்றமாக வைத்திருந்தது. மனு போட்ட தங்கையின் நேர்மையும் கேள்விக்குள்ளாகும். இவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "முதலில் அந்த மசோதா என்ன சொல்கிறது என்று பார்ப்போம், உட்காருங்கள்" என்றேன்.

அமெரிக்கச் சட்டத்தில் ஆலோசனை சொல்லும் உரிமை எனக்கில்லை. தங்கையின் மூலமாக நியூஜெர்சியில் குடியேற்ற வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்தோம். அவர் மசோதாவின் வாசகத்தையே அனுப்பினார். உடன்பிறந்தோர் பிரிவை நீக்குவதாக அதில் இருந்தது உண்மை. ஆனால் சட்டம் அமலுக்கு வந்து 18 மாதம் கழித்துத்தான் நீக்கம். ஏற்கெனவே போட்ட மனுக்களையும் அது தூக்கி எறியவில்லை. வருடக்கணக்கில் தேங்கியவற்றைத் தனி வழியில் தீர்க்க ஏற்பாடு செய்திருந்தது. கமிட்டி நிலையிலேயே ஹவாய் செனட்டர் மேசி ஹிரோனோ, பிரிந்து வாழ்வதால் கடும் கஷ்டத்துக்கு உள்ளாகும் உடன்பிறந்தவர்களுக்காவது வழி விட வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்து தோற்றிருந்தார். ஆக, ஆபத்து கற்பனையல்ல. ஆனால் "சில வாரம்" என்பது ஏஜென்டின் கற்பனை. மசோதா மறுநாளே சட்டமானாலும் இவர் கையில் ஒன்றரை வருடம் இருந்தது.

அடுத்து நான் கேட்டது, "எதற்காகப் போக வேண்டும்?" என்று.

"பிள்ளைங்களுக்காகத்தான் சார். இந்த வயசுல நான் அங்க போய் என்ன பண்ணப் போறேன்?"

மகளுக்கு 19 வயது, திருப்பதியில் இன்ஜினியரிங். மகனுக்கு 14. அந்த 2013இல், 2001ஆம் ஆண்டு வாக்கில் மனு போட்ட இந்தியர்களுக்குத்தான் எஃப்4 விசா கிடைத்துக்கொண்டிருந்தது. அதாவது குறைந்தது பன்னிரண்டு வருடக் காத்திருப்பு. பெற்றோரோடு சேர்ந்து போக வேண்டுமானால் பிள்ளை 21 வயதுக்குள், கல்யாணமாகாமல் இருக்க வேண்டும். மனு பரிசீலனையில் கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ள 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. அதைக் கழித்துப் பார்த்தாலும் மகளுக்கு வழியே இல்லை. மகனுக்கும் நம்பிச் செலவு செய்கிற அளவுக்கு வழி இல்லை.

இதை ஒரு தாளில் எழுதி, கூட்டிக் கழித்து அவர் முன்னால் வைத்தேன். கணக்கெழுதும் மனிதர், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் சட்டம் வந்தால் பிள்ளைகளின் எதிர்காலம் போய்விடும் என்று பயந்து நகையை வைத்தவர் அவர். ஆனால் அவர் நினைத்த பலனைப் பழைய சட்டமே தரப்போவதில்லை. மசோதாவைப் பற்றிய பேச்சு, நடப்புச் சட்டத்தை அவர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டிருந்தது. வரப்போகும் சட்டத்தைக் கண்டு ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இன்றைய சட்டத்தில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இல்லாத ஒன்றை யாரும் பறிக்க முடியாது.

மறுநாள் அவர் ஒரு முடிவோடு வந்தார். பிள்ளைகள் தங்கள் வழியைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் தங்கை ஆசைப்படுகிறாள், தனக்கும் மனைவிக்கும் வயதான காலத்தில் ஒருநாள் பயன்படலாம், மனு மட்டும் நேர்மையாகப் போகட்டும் என்றார். மனுக் கட்டணம் அப்போது 420 டாலர். அதைத் தங்கை பார்த்துக்கொள்வார். எங்கள் வேலை, இருவரும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள் என்பதை நிரூபிப்பது.

அங்கேதான் இந்த மண்ணின் சரித்திரம் குறுக்கே வந்து நின்றது.

தங்கை 1964இல் சித்தூரில் பிறந்தவர். நகராட்சிப் பதிவேட்டில் பெயர் இருந்தது. அண்ணன் 1958இல் பிறந்தவர், பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு நெசவாளர் கிராமத்தில். அன்றைக்கு அந்தக் கிராமம் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டம், திருத்தணி தாலுகா. மொழிவழி எல்லைக்காக ம.பொ.சி. முதலானோர் நடத்திய போராட்டங்களும் பிறகு பட்டாஸ்கர் தீர்ப்பும் எல்லையை மாற்றின. 1959ஆம் ஆண்டின் 56ஆவது சட்டப்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. கிராமம் செங்கல்பட்டு மாவட்டமாகி, பிறகு 1997இல் திருவள்ளூர் மாவட்டமானது. கிராமத்துப் பிறப்புப் பதிவேட்டை எழுதிவந்த பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளைத் தமிழ்நாடு 1980இலும் ஆந்திரா 1984இலும் ஒழித்தன. பதிவேடுகள் கைமாறின, சில தொலைந்தன, சில செல்லரித்தன.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஓர் அலுவலகத்தில், "அது தமிழ்நாட்டு ஊர், அங்கே போய்க் கேளுங்கள்" என்றார்கள். அந்தப் பக்கம் ஓர் அலுவலகத்தில், "1960க்கு முன்னால் என்றால் சித்தூரில்தான் இருக்கும்" என்றார்கள். இருவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. இருவரும் எழுத்தில் மட்டும் எதையும் தரத் தயாராக இல்லை. எங்களுக்கு வேண்டியதோ எழுத்துதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டு 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த இந்தியர் பலருக்குப் பிறப்புப் பதிவு இருக்காது என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர், பதிவு இல்லை என்று உரிய அதிகாரி தரும் சான்றும், அதோடு பள்ளி ஆவணம் போன்ற பழைய தாள்களும், பிறப்பை நேரில் அறிந்தவர்களின் உறுதிமொழிப் பத்திரங்களும் கொடுக்கலாம். ஏஜென்ட் ஒன்றரை லட்சத்துக்குச் செய்து தருவதாகச் சொன்ன பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. தாமதப் பதிவு என்று 55 வருடம் கழித்துப் புதிதாக ஒரு சான்றிதழ் வாங்கும் வழியையும் யோசித்தோம். போன மாதம் எழுதிய சான்றிதழை விசா அதிகாரி சந்தேகத்தோடுதான் பார்ப்பார் என்று நியூஜெர்சி வழக்கறிஞர் சொன்னார். எனக்கும் அதே எண்ணம். "பதிவு இல்லை" என்ற உண்மையே எங்களுக்குப் பலம்.

அந்தச் சான்றைத் தர வேண்டியவர் யார் என்பதற்குப் பதில் 1959ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. எந்தெந்த ஊர்கள் எந்த மாநிலத்துக்குப் போயின என்று அதன் அட்டவணைகள் ஊர்ப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. அந்தப் பக்கங்களை நகலெடுத்து, கட்சிக்காரரின் கிராமத்தின் பெயரை அடிக்கோடிட்டு, இந்த ஊர் எந்தத் தேதியிலிருந்து உங்கள் அதிகாரத்தில் இருக்கிறது என்று எழுதி, விண்ணப்பத்தோடு இணைத்தோம். எல்லைக்கு அப்பால் அந்த அலுவலகத்தில் இருந்த ஓர் இளம் ஊழியர் அட்டவணையை ஆவலோடு படித்தார். தன் தாத்தாவின் ஊரும் அதில் இருக்கிறது என்று காட்டினார். பிறகு அவரே முன்னின்று, இருக்கிற பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, 1958ஆம் ஆண்டுக்கு அந்தக் கிராமத்தின் பதிவேடு கிடைக்கவில்லை என்ற சான்றைத் தயார் செய்து, அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்தது தாயின் சாட்சியம். அம்மா மகனோடு சித்தூரில்தான் இருந்தார். எண்பதை நெருங்கிய வயது. கண்பார்வை மங்கியிருந்தது, ஞாபகம் மங்கவில்லை. நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன் அறையில் ஒரு காலத்தில் தறி இருந்த பள்ளத்தை மண் போட்டு மூடி சிமெண்ட் பூசியிருந்தார்கள். அந்த இடத்தில் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிக்கூட ஆவணங்களில் மகனின் பிறந்த தேதி 1.6.1958. அதை வைத்து வரைவு ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். தேதி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"ஜூன் ஒண்ணுன்னா என்ன மாசம் நைனா?"

"வைகாசி, அம்மா."

"வைகாசியா? யார் சொன்னது? திருத்தணி ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கினு போறாங்க, வாசல்ல அரோகரா சத்தம் கேக்குது, உள்ள நான் வலியில கெடக்குறேன். அன்னிக்குச் சாயங்காலம் பொறந்தான். ரெண்டு வருசம் கழிச்சுத்தான் எங்க ஊரு மெட்ராசோட சேந்துச்சு. வாத்தியாரு எழுதுனதுக்கு நான் சத்தியம் பண்ணணுமா?"

மகன் பதறினார். "அம்மா, எல்லாப் பேப்பர்லயும் அப்படித்தான் இருக்குது, ஒத்துக்கோ" என்றார். நான் அவரைத் தடுத்தேன். நடந்தது புரிந்துவிட்டது. 1963 ஜூனில் பள்ளியில் சேர்க்கப் போனபோது பையனுக்கு ஐந்து வயது நிறைய இரண்டு மாதம் குறைந்திருக்கிறது. ஜூன் 1 என்று எழுதி வாத்தியார் சேர்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறையில் பாதிப் பேருக்கு ஜூன் மாதத்திலோ ஜூலை 1ஆம் தேதியிலோ பிறந்தநாள் இருப்பதற்குக் காரணம் இதுதான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பாஸ்போர்ட் என்று அதே தேதி எல்லாவற்றிலும் தொடர்ந்துவிட்டது.

வரைவைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். இன்ன கிராமத்தில், என் கணவர் வீட்டில், 1958ஆம் ஆண்டு ஆடிக் கிருத்திகை நாளில் இந்த மகனைப் பெற்றேன். பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் 1 என்று எழுதப்பட்டது. அதன் பிறகு எல்லா ஆவணங்களிலும் அந்தத் தேதியே இருக்கிறது. அந்த ஆவணங்களில் உள்ளவரும் நான் பெற்ற மகனும் ஒருவரே. 1964இல் சித்தூரில் பிறந்த இன்னாரும் நான் பெற்ற மகளே. உடன்பிறந்தவர் மனுவுக்கு வேண்டியது உறவுக்கான நிரூபணம். தேதியில் இரண்டு மாத வித்தியாசம் இருப்பதைக் காரணத்தோடு நாமே முன்வந்து சொல்லிவிட்டால் அது முரண்பாடு ஆகாது. மறைத்தால் என்றைக்கோ ஒரு நேர்காணலில் கேள்வியாக வந்து நிற்கும். நோட்டரி வீட்டுக்கே வந்தார். தமிழில் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்று கீழே எழுதினோம். அம்மா தமிழில் தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரசவத்தின்போது கூட இருந்த நாத்தனார் புத்தூரில் இருந்தார். அவரிடம் தனியாக இன்னொரு உறுதிமொழி வாங்கினோம்.

அன்றைக்கே அம்மா இன்னொரு உதவியும் செய்தார். "அவங்க அப்பா எழுதி வெச்ச பத்திரம் ஒண்ணு இருக்குது, அது ஆகுமா பாரு" என்று மருமகளை அனுப்பி ட்ரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். புடவைகளுக்கு அடியில் இருந்தது 1978இல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் தந்தை தன் மகன் என்று இவரையும், மைனர் மகள் என்று தங்கையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இருவர் பங்கையும் விவரித்திருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தகராறு ஒன்று கிளம்புவதற்கு முன்பே, குடும்ப விவகாரம் பற்றிய பத்திரத்தில், இறந்துபோன ஒருவர் உறவைப் பற்றி எழுதிவைத்தது சாட்சியமாகச் செல்லும் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 32ஆவது பிரிவில் சொல்லியிருந்தது. அமெரிக்கா என்ற நினைப்பே அந்த வீட்டில் யாருக்கும் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட தாள் அது. அதைவிட நம்பகமான தாளை எந்த அலுவலகமும் இன்றைக்கு எழுதித் தர முடியாது. சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுத்தோம். ஒரு தாளில் தந்தையின் பெயர் 'சாமி' என்றும் இன்னொன்றில் 'ஸ்வாமி' என்றும் முடிந்ததற்கு, இருவரும் ஒருவரே என்று வருவாய்த் துறையில் சான்று வாங்கினோம். தெலுங்கில் இருந்த பள்ளிச் சான்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர்த்தோம்.

அந்த ஆண்டு ஐப்பசியில் மனு போனது. ரசீது வந்தது. வரிசையில் இடத்தைக் காட்டும் தேதி அதில் இருந்தது. ஏஜென்டிடம் கொடுத்த முன்பணத்தில் ஒரு பகுதியைத்தான் திரும்ப வாங்க முடிந்தது. மண்டி முதலாளியிடம் கடன் வாங்கித்தான் வளையல்களை மீட்டார்.

2016 தை மாதம் அம்மா காலமானார். நாங்கள் மசோதாவைப் பார்த்துக்கொண்டு, சட்டமாகிறதா இல்லையா என்று தெரிந்த பிறகு செய்யலாம் என்று இருந்திருந்தால் அவருடைய சாட்சியம் கிடைத்திருக்காது. இந்த விவகாரத்தில் அவசரம் உண்மையாகவே இருந்தது. அது வாஷிங்டனில் இல்லை, அந்தத் தாயின் வயதில் இருந்தது. மனு போட நினைக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஓர் உண்மையான கெடு எங்காவது இருக்கும். பாஸ்போர்ட் முடியும் தேதியாக இருக்கலாம், பிள்ளைக்கு 21 வயது நிறையும் நாளாக இருக்கலாம், ஊரில் மிச்சமிருக்கும் ஒரே சாட்சியின் உடல்நிலையாக இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து அதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.

2017 ஆகஸ்டில் அவர் மறுபடி வந்தார். செனட்டர்கள் டாம் காட்டனும் டேவிட் பெர்டியூவும் கொண்டுவந்த மசோதாவை அதிபர் டிரம்ப் ஆதரித்திருந்தார். உடன்பிறந்தோரோடு பெற்றோரையும் நிரந்தரக் குடியேற்றத்திலிருந்து நீக்கும் மசோதா அது. "நான்தான் போட்டாச்சே சார், என் மனுவும் போயிடுமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆறுதலுக்காகப் பொய் சொல்லக் கூடாத கேள்வியும்கூட. நம் உச்ச நீதிமன்றம் இதற்கு 1981இலேயே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் கருங்கல் குவாரிக் குத்தகைக்கு மனு போட்டுக் காத்திருந்தவர்கள், மனு போட்ட பிறகு மாறிய விதி தங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடினார்கள். ஹிந்த் ஸ்டோன் வழக்கு என்று பெயர். மனு போட்டதாலேயே யாருக்கும் உரிமை உறுதியாகிவிடாது, முடிவெடுக்கும் நாளில் எந்த விதி இருக்கிறதோ அதன்படிதான் முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு. அமெரிக்காவுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்றாலும் அடிப்படை எங்கும் ஒன்றுதான்: வரிசையில் நிற்பவரைக் காப்பதும் கைவிடுவதும் புதுச் சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து அமல், நிலுவை மனுக்களுக்கு என்ன கதி என்ற இரண்டு வாக்கியங்களைத் தேடிப் படிக்க வேண்டும். செய்தித்தாள் தலைப்பில் அவை வருவதில்லை. 2017ஆம் ஆண்டின் அந்த மசோதாவும் வாக்கெடுப்புக்கு வராமலே போனது. அவருடைய மனு இன்னும் வரிசையில் இருக்கிறது. 2025 முடியும் தறுவாயிலும் 2006இல் மனு போட்ட இந்தியர்கள்வரைதான் எஃப்4 வந்திருக்கிறது. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், மகன் சென்னையில்.

இப்போது திருப்பதியில் என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்களின் பெற்றோர். 2025 ஆகஸ்ட் 28ஆம் தேதி அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு வரைவு விதியை வெளியிட்டது. படிப்பு முடியும்வரை தங்கலாம் என்ற பழைய ஏற்பாட்டுக்குப் பதிலாக, மாணவர்களுக்கு அதிகபட்சம் நான்கு வருடம் என்று வரம்பு கட்டும் யோசனை. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 19ஆம் தேதி, எச்1பி என்ற வேலை விசா மனுவுக்கு 1,00,000 டாலர் என்று அதிபரின் பிரகடனம் வந்தது. செப்டம்பர் 21 முதல் அமல் என்றார்கள். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த பிள்ளைகள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஓடினார்கள். புது மனுக்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது.

மசோதா, வரைவு விதி, பிரகடனம் ஆகிய மூன்றும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். மசோதா என்றால் இரு அவைகளையும் தாண்டி அதிபரின் கையெழுத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலானவை வழியிலேயே நின்றுவிடும். வரைவு விதி என்றால் அரசிதழில் வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டு, பிறகுதான் இறுதியாகும்; மாதங்கள் ஆகும், சிலது வருடக்கணக்கில் இழுக்கும். எச்1பி ஊழியர்களின் துணைவர்களுக்குத் தந்த வேலை உரிமையை எடுக்கப்போவதாக 2017 முதல் சொல்லிவந்தார்கள். அந்த வரைவு வெளியாகாமலே 2021 ஜனவரியில் கைவிடப்பட்டது. அதற்குள் எத்தனை பெண்கள் வேலை மாறத் தயங்கினார்கள், எத்தனை வீடுகளில் சண்டை வந்தது! பிரகடனம் அப்படியில்லை. இரண்டே நாளில் வந்துவிடும். அதற்கு எதிராகச் செய்யக்கூடியது ஒன்றுதான்: தாள்கள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன். இன்றைய சட்டத்தில் தகுதி இருக்கிறதா, இன்றே மனு போடுங்கள். மசோதாவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், மசோதாவுக்குப் பயந்து தகுதி இல்லாத மனுவைப் போடவும் வேண்டாம். எந்தச் சட்டம் வந்தாலும் தேவைப்படும் தாள்கள் சில உண்டு: பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, பெயர் வித்தியாசத்துக்கான சான்று. அவற்றுக்குச் செய்யும் செலவு ஒருநாளும் வீணாகாது. வரைவை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். "சட்டம் மாறப்போகிறது" என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம், அந்தச் சட்டத்தின் வாசகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இது வக்கீல்கள் தனித்தனியாகச் சொல்லித் தீரும் விஷயமில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மாவட்டந்தோறும் இலவசச் சட்ட உதவிக்கு அமைப்பு இருக்கிறது. சித்தூர், திருப்பதி, ராஜம்பேட்டைப் பக்கங்களிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளும், வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் ஏஜென்டின் வாயை நம்பித்தான் இன்றைக்கும் புறப்படுகிறார்கள். வாரத்தில் ஒருநாள், வெளிநாடு போகிறவர்களின் தாள்களைப் பார்த்துச் சொல்ல ஒரு மேசை போட்டால் போதும். மூத்த வக்கீல் ஒருவர், தமிழும் தெலுங்கும் தெரிந்த இளையவர் ஒருவர். எது சட்டம், எது வெறும் யோசனை என்று அங்கே யாராவது எடுத்துச் சொல்லிவிட்டால், வளையல் அடகுக்குப் போகாது, போலிச் சான்றிதழுக்கு ஆள் கிடைக்காது. எங்கள் வக்கீல் சங்கத்தில் இதை நான் கேட்டிருக்கிறேன்; நடக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.